பிஎம்டபிள்யூவின் கடைசி எழுத்து

மாத்தே கொட்டியது இரவு பதினொன்று நாற்பதுக்கு.
குடுவை சாய்ந்து, சுடச்சுட, இலைத்தூளோடு
கீபோர்டின் பல்லிடுக்கெல்லாம் இறங்கியது.
கவிழ்த்துத் தட்டினேன். ஹீட்டர் முன் பிடித்தேன்.
எஸ் என்ற எழுத்து மட்டும் யாரும் தொடாமலே
எஸ்எஸ்எஸ்எஸ் என்று திரையில் சீறிக்கொண்டு போனது.
வாலைப் பிடித்துப் பிடுங்கினேன்.

இனி மவுஸ் மட்டும்.
மொந்தேவிதேயோ, துராஸ்னோ தெரு, நிலத்தடியில் இரண்டு தளம்.
நூற்றுப் பன்னிரண்டு கார்கள், ஒரு நாற்காலி, நான்.

தடுப்புக்கட்டைக்குத் தனிப் பொத்தான் உண்டு,
கார்களுக்குக் கவலையில்லை.
நள்ளிரவு தாண்டினால் என் தம்பி ஏபெருக்கு ஐம்பது வயது,
அதுதான் கவலை.
அப்பாவின் லாரியை விற்ற கணக்கில்
மூன்று வருடமாகப் பேச்சில்லை.
என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறான்.
மின்னஞ்சலை மறந்துவிட்டானா
வேண்டுமென்றே தாழ் போடாமல் விட்டானா, தெரியாது.

அவன் முகவரி இயந்திரத்தில் இருந்தது:
எப்போதோ ஒருநாள் இங்கே காரை நிறுத்தினான்,
முழுக்கட்டணம் வாங்கி ரசீது அனுப்பியிருக்கிறேன்.
அந்த ரசீதின் அடியில் பதில் என்பதைச் சொடுக்கினேன்.
வெள்ளைப் பெட்டி. துடிக்கும் ஒரு கோடு.

பத்து நிமிடம் சும்மா விட்டால் இயந்திரம் பூட்டிக்கொள்ளும்,
பிறகு கடவுச்சொல் கேட்கும்,
அதைச் சொல்ல எனக்கு விரல் இல்லை.
எனவே மேலே ஹார்ன் கேட்டு ஓடும் ஒவ்வொரு முறையும்
தொட்டிலை ஆட்டிவிட்டு அடுப்புக்கு ஓடுகிறவள் போல
மவுஸை ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் ஓடினேன்.

கார்ப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
எழுத்து எழுத்தாகக் கைமாற்று வாங்கினேன்.
ஃபியட்டிடம் எஃப்.
சுசுகியிடம் இசட்.
பெஜோவிடம் ஒரு பி, அதைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.
எங்கள் வாயில் ஒலிக்கவே ஒலிக்காத ஹெச்சை
ஹோண்டாவிடம் வாங்கித் தம்பியின் பெயருக்கு முன் நிறுத்தினேன்.
தேர்ந்தெடு, நகலெடு, திரும்பி வா, ஒட்டு.
‘மகிழ்ச்சி’ என்ற ஐந்தெழுத்து முடிய இருபது நிமிடம்.

பிறந்தநாளில் மாட்டிக்கொண்டேன்.
தலையில் சின்ன அலை சுமந்த அந்த என்
எந்தக் காரின் பெயரிலும் இல்லை.
அலை இல்லாமல் எழுதினால்
எங்கள் மொழியில் ஆண்டு, ஆசனவாய் ஆகிவிடும்.
ஐம்பது வயதுக்காரனுக்கு அப்படி வாழ்த்து அனுப்பலாம்தான்,
பேச்சுவார்த்தை இருந்தால்.

தேடித்தேடி ஒரு புகார்க் கடிதத்தில் பிடித்தேன்.
கறுப்பு ரெனோவின் கதவில் யாரோ கீறிவிட்டார்களாம்.
‘சேதம்’ என்ற சொல்லின் நடுவே இருந்தது அது,
சிவப்பு நிறத்தில், தடித்து, கோபமாக.
சேதத்திலிருந்து அதைக் கிள்ளி எடுத்து
பிறந்தநாளுக்குள் வைத்தேன்.

அதே கடிதத்தின் கீழே ‘மன்னிப்பு’ முழுச்சொல்லாகக் கிடந்தது.
நகலெடுத்தேன்.
ஒட்டவில்லை.
அடுத்த எழுத்தை எடுக்கும்வரை
மவுஸின் தொண்டையில் அது இருந்தது.

பெயர் போடாவிட்டால் வாழ்த்தியது கார் நிறுத்துமிடம் என்றாகிவிடும்.
என் பெயர் வில்மார். டபிள்யூவில் தொடங்குவது.
பல்மருத்துவரின் பிஎம்டபிள்யூ உதவியது.
மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அனுப்பினேன்.

காலையில் மிர்தா வந்து ஈரக் கீபோர்டை முகர்ந்து பார்த்தாள்.
திரையிலேயே ஒரு கீபோர்டு உண்டு என்றாள்,
மூன்று சொடுக்கில் வரும் என்றாள்,
வரவழைத்தும் காட்டினாள்.
நல்லவேளை, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
லாரிக் கணக்கையும் எழுதித் தொலைத்திருப்பேன்.

வியாழக்கிழமை பதில் வந்தது.
நான் அனுப்பியதும் கீழே அப்படியே தொங்கியது. அப்போதுதான் பார்த்தேன்:
ஒரு எழுத்து கொழுத்து, ஒரு எழுத்து சாய்ந்து,
ஒன்று எறும்பளவு, ஒன்று ரத்தச்சிவப்பு.
ஆள்கடத்துகிறவன் செய்தித்தாளை வெட்டி ஒட்டிய கடிதம் மாதிரி.

மேலே ஏபெர் எழுதியிருந்தான்:
“யாரைப் பிடித்து வைத்திருக்கிறாய்?
எவ்வளவு கேட்கிறாய்?”

புதுக் கீபோர்டு மேசைமேல் இருக்கிறது.
எல்லா எழுத்தும் இருக்கிறது, அலை வைத்ததும்.
மாத்தேயைத் தள்ளி வைத்துவிட்டேன்.
ஒரு மணி நேரமாக
மவுஸை மட்டும் அவ்வப்போது தள்ளிக்கொண்டிருக்கிறேன்,
பூட்டிக்கொள்ளாமல் இருக்க.